பழைய லேப்டாப்பில் ரேம் கூட்டுவது எப்படி?

திருப்பூர், பல்லடம், சோமனூர்ப் பக்கம் கணக்கு எழுதும் பழைய லேப்டாப் பலவும் இன்னமும் 4 ஜிபி ரேமில்தான் (தற்காலிக நினைவகம்) ஓடுகின்றன. கணக்கு மென்பொருளான டேலியோடு குரோமில் நாலு டேப் திறந்தால் போதும், மூச்சு வாங்கும். ரேம் மாட்டும் வேலை கால் மணி நேரம்தான். சரியான ரேமை வாங்குவதில்தான் சூட்சுமம்.

முதலில், ரேம்தான் காரணமா என்று பாருங்கள். வழக்கமாகத் திறக்கும் எல்லாவற்றையும் திறந்துவிட்டு, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபாமன்ஸ், அப்புறம் மெமரி. 90 சதவீதத்தை ஒட்டி நின்றால் ரேம் போதவில்லை. பாதிதான் நிரம்பியிருக்கிறது, ஆனாலும் மெதுவாக இருக்கிறதா? ரேமுக்குக் காசு போடாதீர்கள். ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி போடுங்கள்.

அதே பக்கத்தில் எத்தனை ஸ்லாட் (ரேம் மாட்டும் இடம்), எத்தனை காலி என்றும் இருக்கும். ஃபார்ம் ஃபேக்டரில் 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றிருந்தால் ரேம் போர்டிலேயே பற்றவைத்தது. காலி ஸ்லாட்டும் இல்லையென்றால் இதோடு விட்டுவிடலாம். 'சோடிம்' (கழற்றி மாட்டும் லேப்டாப் ரேம்) என்றிருந்தால் மாற்றலாம். விண்டோஸ் 32 பிட்டாக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் போட்டுப் பயனில்லை, முதலில் 64 பிட்டுக்கு மாறுங்கள்.

இனி வாங்குவது. ரேமில் தலைமுறைக்கு ஒரு வகை உண்டு: டிடிஆர்3-க்கு 204 பின், டிடிஆர்4-க்கு 260 பின். பின் வரிசையின் நடுவிலுள்ள வெட்டும் வேறு இடத்தில் இருப்பதால் ஒன்று மற்றதில் ஏறாது. வம்பு செய்வது டிடிஆர்3எல்தான். பார்க்க டிடிஆர்3 மாதிரியே இருக்கும், ஸ்லாட்டிலும் ஏறும். ஆனால் அது 1.35 வோல்ட், சாதா டிடிஆர்3 1.5 வோல்ட். 2013-இல் வந்த இன்டெல் நான்காம் தலைமுறை லேப்டாப்புகளுக்கு எல் வகைதான் வேண்டும். சாதா ரேம் போட்டால் ஆன் ஆகாமலே போகலாம். ஸ்டிக்கரில் 'பிசி3எல்' என்றிருந்தால் அது எல் வகை. உங்கள் மாடல் அதிகபட்சம் எத்தனை ஜிபி ஏற்கும் என்பதைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் பார்த்துவிட்டு, பழைய ரேமின் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கோவை காந்திபுரத்தில் போட்டோவைக் காட்டி "அண்ணா, இதே மாதிரி ஒன்னு வேணுங்க" என்றால் வேலை முடிந்தது. வேகம் வேறாக இருந்தால் இரண்டும் குறைந்த வேகத்தில் ஓடும், அவ்வளவுதான்.

மாட்டுவதற்கு முன் ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள். சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியையும் கழற்றுங்கள். உள்ளே இருக்கும் பேட்டரி என்றால் மூடியைத் திறந்ததும் அதன் கனெக்டரைப் பிடுங்குங்கள். பாலியெஸ்டர் சட்டை வேண்டாம், பருத்தி பனியனே போதும் (நம்ம ஊரில் அதற்கா பஞ்சம்!). ஏதாவது இரும்பைத் தொட்டு உடம்பின் ஸ்டாடிக் மின்சாரத்தை இறக்கிவிடுங்கள். ஸ்க்ரூக்கள் நீளம் மாறும். எந்த இடத்தில் எடுத்தது என்று பேப்பரில் குறித்து வையுங்கள்.

தறி ஓடும் இடத்தில் இருந்த லேப்டாப் என்றால் உள்ளே பஞ்சு அடைந்திருக்கும். ஃபேன் சுற்றாமல் பிடித்துக்கொண்டு, மெல்லிய பிரஷ்ஷால் எடுங்கள்.

பழைய ரேமை எடுக்க வேண்டுமானால் இரண்டு பக்கக் கிளிப்புகளையும் வெளிப்பக்கம் தள்ளுங்கள், தானாக மேலே எழும்பும். புதியதை ஓரத்தில் பிடித்து, வெட்டைப் பார்த்துச் சாய்வாகச் சொருகுங்கள். தங்க நிறப் பின்கள் உள்ளே போனதும் கீழே அழுத்தினால் 'டக்' என்று கிளிப் விழும்.

ஆன் செய்து திரை கறுப்பாகவே நின்றால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் ரேம் சரியாக உட்கார்ந்திருக்காது. கழற்றி மறுபடி மாட்டுங்கள். விண்டோஸ் வந்ததும் 'mdsched' என்று ஆங்கிலத்தில் தேடி, ரேமைச் சோதிக்கும் மெமரி டயக்னாஸ்டிக்கை ஓடவிடுங்கள். பிழை காட்டினால் பில்லோடு போய் ரேமை மாற்றிக்கொள்ளுங்கள்.