பழைய அம்பாசிடரில் சென்னையிலிருந்து ஏற்காடு

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே ரேடியேட்டர் ஹோஸ், ஃபேன் பெல்ட், பெட்ரோல் ரப்பர் குழாய் மூன்றையும் மாற்றிவிடுங்கள். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் வரை இருப்பதால் பழைய ரப்பர் ஊறி விரிசல் விடும். சூடான எக்ஸாஸ்ட் மேல் பெட்ரோல் சொட்டினால் தீ. தீப்பொறிக்காக மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்டின் இடைவெளி 0.4 மி.மீ. இருக்கட்டும். உபரியாக பாயிண்ட், அதோடு சேர்ந்து வேலை செய்யும் கண்டன்சர், 5 லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

அதிகாலை 4 மணிக்கே கிளம்பி, வெயில் ஏறுமுன் விழுப்புரம் தாண்டுங்கள். உச்சி வெயிலில் ஊர்ந்து போனால் பெட்ரோல் பம்பிலேயே ஆவியாகி எஞ்சின் நின்றுவிடும். பானெட்டைத் திறந்து, பம்பின் மேல் ஈரத்துணி போட்டு 15 நிமிடம் பொறுங்கள். செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தால் பேட்டரிதான் இறங்கும்.

ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் இறங்கும்போது இரண்டாம் கியர்தான். பிரேக்கை மிதித்தபடியே வந்தால் டிரம் சூடேறிப் பிடிப்பே இருக்காது.