பாரத்தை இறக்கி வைக்க எனக்கு உதவிய முறை

களியக்காவிளைப் பக்கம் ரப்பர் வெட்டுக்கு விடியுமுன் எழ வேண்டும். நடு இரவு வரை கவலையோடு விழித்துக் கிடந்தால் மறுநாள் வேலை ஓடாது. அதனால் குடும்ப ஜெபம் முடிந்த கையோடு இதைச் செய்துவிடுகிறேன்.

ஒரு தாளில் பாரங்களைப் பெயர் சொல்லி எழுத வேண்டும்: சீட்டுத் தவணை, பிள்ளையின் ஃபீஸ், அம்மாவின் ஸ்கேன். "எல்லாக் கஷ்டமும்" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் எதுவும் இறங்காது. பிறகு பைபிளின் 13ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசிக்கிறேன், 6 வசனம்தான். "எதுவரைக்கும்" என்று ஆண்டவரிடமே முறையிடத் தொடங்கி, பாட்டில் போய் முடிகிறது. முறையீட்டை விட்டுவிட்டு நேராக ஸ்தோத்திரத்துக்குப் போகாதீர்கள். அழுகை உள்ளேயே தங்கிவிடும்.

அடுத்து, பாரஞ்சுமக்கிறவர்களை இயேசு தம்மிடம் அழைக்கிற மத்தேயு 11:28 முதல் 30 வரை. பலரும் 28இலேயே நிறுத்திவிடுகிறார்கள். ஆத்துமாவுக்கு இளைப்பாறுதல் என்கிற வாக்கு 29இல், அவருடைய நுகத்தை ஏற்று அவரிடம் கற்றுக்கொள்வதோடு சேர்ந்தே வருகிறது. ஆகவே ஒவ்வொரு பாரத்துக்கு எதிரிலும், நாளை நான் செய்யவேண்டிய ஒரே ஒரு காரியத்தை எழுதுகிறேன். மீதி அவருடையது.

தனியாகத் தாங்க முடியாததை, ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்க வேண்டும் என்று கலாத்தியர் 6:2 சொல்கிறபடி, போதகரிடமோ நம்பிக்கையான ஒரு சபையாரிடமோ சொல்லுங்கள். உறக்கமின்மை வாரக்கணக்கில் நீண்டால் டாக்டரையும் பாருங்கள். ஜெபத்தை நிறுத்தவும் வேண்டாம்.