வட்டம் சுற்றிய ஞாயிறு

சேலம் அஸ்தம்பட்டி வீட்டில், பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்றில், சேமித்த படங்களை டிவிக்கு அனுப்பும் ஜெல்லிஃபின் சர்வர் ஓடுகிறது. அப்பா டிவியில் படம் போட்டால் பத்து நொடி ஓடும், அப்புறம் வட்டம் சுற்றும். "இதுக்கு கேபிளே தேவலைடா" என்றார்.

டாஷ்போர்டைப் பார்த்தேன். வீடியோ டிரான்ஸ்கோட் ஆகிறது, அதாவது ஓடும்போதே வேறு வடிவத்துக்கு மாறுகிறது; காரணம் சப்டைட்டில். அது ப்ளூ-ரேயில் வரும் பிஜிஎஸ் வகை; எழுத்து அல்ல, படம். டிவிக்கு அது புரியாததால், சர்வரே அதை ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒட்டி மறுபடி என்கோட் செய்கிறது, மொத்தமும் சிபியு தலையில்! இந்த வேலைக்கென்றே சிப்பில் இருக்கும் இன்டெல் குயிக்சிங்க் சும்மா கிடந்தது. லாகில் 'பெர்மிஷன் டினைட்'. ஜெல்லிஃபின் பயனரை, அதைப் பயன்படுத்த அனுமதி உள்ள ரெண்டர் குழுவில் சேர்க்க மறந்தது நான்தான்.

சேர்த்து ரீஸ்டார்ட் செய்ததும் ஃபேன் இரைச்சல் அடங்கியது. சப்டைட்டிலையும் வெறும் எழுத்தாக இருக்கும் எஸ்ஆர்டிக்கு மாற்றினேன். இப்போது டிரான்ஸ்கோடே இல்லை. அப்பா பாதிப் படத்தில் தூங்கிவிட்டார்.