டார்க் சாக்லேட்: ஊருக்கு ஊர் சுவையை ஒப்பிடும் முறை

மடகாஸ்கர், ஈக்வடார், கானா என மூன்று ஊர்க் கோகோவில் செய்த பார்களை மூன்று கம்பெனிகளிடம் வாங்கி ஒப்பிட்டால், நாக்குக்குத் தெரிவது பெரும்பாலும் வறுவலின் வித்தியாசம்தான். ஊரின் சுவை தெரியவேண்டுமானால் தயாரிப்பாளர் ஒருவராக இருக்கட்டும், கோகோ சதவீதமும் ஒன்றாக இருக்கட்டும். 70% சரியான இடம். ஆனால் அந்த 70-இல் கோகோக் கொட்டையோடு, தனியாகச் சேர்த்த கோகோ வெண்ணெயும் (கொட்டையின் கொழுப்பு) அடக்கம். வெண்ணெய் கூடினால் கசப்பும் மணமும் அடங்கிப்போகும். அதனால் உறையின் பின்பக்கத்தைப் படித்து, வெண்ணெய் சேர்த்ததைச் சேர்க்காததோடு மோதவிடாதீர்கள். வனிலா கலந்ததை எடுக்கவே வேண்டாம்.

நம்மூர் வெயிலுக்கு ஃபிரிட்ஜ் தேவைதான். காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். வெளியே எடுத்தபின் இரண்டு மணி நேரம் டப்பாவைத் திறக்காதீர்கள். உடனே திறந்தால் மேலே ஈரம் படிந்து, சர்க்கரை கரைந்து, காய்ந்ததும் சொரசொரப்பான வெள்ளைப் பூச்சாகிவிடும். உருகி மறுபடி இறுகிய பாரில் வருவது வேறு: வழவழப்பான சாம்பல் படலம், அது கொழுப்பு. இரண்டும் பூஞ்சை இல்லை, சாப்பிடலாம். ஒப்பீட்டுக்கு மட்டும் ஆகாது, உருகும் விதமே மாறியிருக்கும்.

அறை 20–22 டிகிரியில் இருக்கட்டும். கோகோ வெண்ணெய் 34 டிகிரிக்கு அருகே உருகிவிடும் என்பதால், ஏசி இல்லாத கோடை மதியம் இதற்குத் தோதுப்படாது. காலையில், காபிக்கு முன்பு உட்காருங்கள். ஒரு தடவைக்கு நான்கு பார் போதும், அதற்குமேல் நாக்கு மரத்துப்போகும். ஒவ்வொன்றிலும் 5 கிராம் துண்டு. எது எந்த ஊர் என்று தெரியாதபடி வேறொருவர் எண் போட்டு வைக்கட்டும்.

துண்டைக் கட்டைவிரலால் லேசாகத் தேய்த்து முகருங்கள். பிறகு மூக்கைப் பொத்திக்கொண்டு வாயில் போட்டு, இரண்டே கடி கடித்து நாக்கை மேலண்ணத்தோடு அழுத்துங்கள். இப்போது இனிப்பு, புளிப்பு, கசப்பு, துவர்ப்பு மட்டும் தெரியும். உருகத் தொடங்கியதும் மூக்கை விட்டு மூச்சை வெளியே விடுங்கள். மணம் முழுதும் அந்த நொடியில் ஏறும். விழுங்கி ஒரு நிமிடம் கழித்து வாயில் என்ன மிச்சமிருக்கிறது என்றும் குறியுங்கள். ‘நல்லா இருக்கு’ என்று எழுதிப் பயனில்லை. நார்த்தங்காய்த் தோலா, உலர்திராட்சையா, வறுத்த நிலக்கடலையா?

மடகாஸ்கரின் சம்பிரானோ பள்ளத்தாக்குக் கோகோவில் எலுமிச்சை, சிவப்புப் பழப் புளிப்பு துள்ளும். ஈக்வடாரின் நசியோனல் வகையில் பூ மணம் எதிர்பார்க்கலாம். கானாவில் பழம் குறைவு, கோகோ சுவையே ஓங்கி நிற்கும்.

வாயை உலர்த்தும் கடுந்துவர்ப்புக்குக் காரணம் கொட்டை சரியாக நொதிக்காதது. வினிகர் நெடி என்றால் அவசரமாக உலர்த்தியிருக்கலாம். புகை வாடை, விறகுத் தீயருகே காய்ந்ததால் வருவது. கரிந்த கசப்பு வறுத்தவர் கைக்குற்றம், அதை ஊர்மேல் ஏற்றாதீர்கள்.

ஒவ்வொரு துண்டுக்கும் நடுவே வெதுவெதுப்பான நீரும் உப்பில்லாத ரொட்டித் துணுக்கும். முன்னது பின்னதன் சுவையை மாற்றும் என்பதால், மறுநாள் வரிசையைத் தலைகீழாக்கி இன்னொரு சுற்று சுவையுங்கள். மிச்சத்தைப் பெருங்காயம், காபிப்பொடிப் பக்கம் வைத்துவிடாதீர்கள். கோகோ வெண்ணெய் எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும்.