வால்வு ஆம்ப்ளிஃபயர்: வால்வை எப்போது மாற்றுவது?

வால்வு, அதாவது காற்று நீக்கிய கண்ணாடிக் குழாய், வைத்து ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர் வாங்கிய புதிதில் எல்லோரும் கேட்பது, "எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை மாற்றணும்?" வருஷக் கணக்கை விடுங்கள். எத்தனை மணி நேரம் ஓடியது என்பதுதான் கணக்கு.

வால்வுக்குள் கேத்தோடு என்ற உலோகக் குழல் மேல் பேரியம், ஸ்ட்ரான்ஷியம் ஆக்சைடு பூச்சு உண்டு. சூடேறினால் அதிலிருந்து எலக்ட்ரான் கிளம்பும். ஓட ஓட அந்தப் பூச்சு சத்து இழக்கும். ஸ்பீக்கரை ஓட்டும் ஈஎல்34, கேடி88 போன்ற பவர் வால்வுகள் பொதுவாக 2,000 முதல் 5,000 மணி நேரம் தாங்கும். தினமும் மூன்று மணி நேரம் பாட்டுக் கேட்டால் வருஷத்துக்கு ஏறக்குறைய 1,100 மணி ஆகிறது. 12ஏஎக்ஸ்7 போன்ற சின்ன வால்வுகள் 10,000 மணியைத் தாண்டியும் ஓடும். பவர் வால்வு மாற்றும்போது இவற்றையும் சேர்த்து மாற்றுவது வீண் செலவு.

முதலில் கண்ணால் பாருங்கள். கண்ணாடியின் உள்பக்கம், பெரும்பாலும் உச்சியில், வெள்ளி போலப் பளபளக்கும் பூச்சு இருக்கும். அதற்கு கெட்டர் என்று பெயர். அது பால் போல வெளுத்திருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, அந்த வால்வு அவ்வளவுதான். அடுத்து விளக்கை அணைத்துவிட்டு, ஓடும்போது பாருங்கள். நடுவில் ஆரஞ்சு வெளிச்சம் இயல்பு. கண்ணாடிச் சுவரில் படரும் நீல ஒளியும் இயல்புதான், பயப்பட வேண்டாம். ஆனால் வெளித்தகடான பிளேட்டே சிவந்தால் உடனே ஸ்விட்சை அணையுங்கள். வால்வில் ஓடும் கரண்ட் அளவை நிர்ணயிக்கும் பயாஸ் கோளாறாகவோ, முந்தைய வால்விலிருந்து சிக்னலைக் கடத்தும் கப்ளிங் கெபாசிட்டர் கசிவாகவோ இருக்கலாம். காரணம் தெரியாமல் புது வால்வு போட்டால் அதுவும் எரிந்துபோகும். மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

பிறகு காதால் கேளுங்கள். பாஸ் தளர்ந்து, சத்தம் மங்கி, ஒரு பக்கம் இறங்கினால் பவர் வால்வு மேல் சந்தேகம் வரலாம். ஒரு பக்கம் மட்டும் கரகரத்தால் காசு செலவழிக்கும் முன் இடமாற்றிப் பாருங்கள். பிளக்கைப் பிடுங்கி, அரை மணி நேரம் ஆறவிட்டு, அடிப்பக்கம் பிடித்து மெதுவாக அசைத்து நேராக மேலே எடுங்கள். இடது, வலது சின்ன வால்வுகளை மாற்றிச் செருகுங்கள். கரகரப்பும் பக்கம் மாறினால் வால்வுதான் குற்றவாளி.

என் ஆம்ப்ளிஃபயரில் இடப்பக்கம் இப்படித்தான் கரகரத்தது. புது செட் வாங்கப் பணம்கூட எடுத்து வைத்துவிட்டேன். மாற்றிச் செருகியும் சத்தம் இடப்பக்கமே நின்றது. பார்த்தால் சாக்கெட் கருத்திருந்தது. கான்டாக்ட் கிளீனரைப் பின்களில் தடவி, நாலைந்து தடவை செருகி எடுத்து, காயவிட்டுப் போட்டதும் சுத்தமாகிவிட்டது.

இன்னொரு சோதனை: வால்யூமைக் குறைத்து, பென்சிலின் ரப்பர் முனையால் சின்ன வால்வை லேசாகத் தட்டுங்கள். மணி போல 'டிங்' என்று ஸ்பீக்கரில் நீண்டு ஒலித்தால் அதை மாற்றலாம்.

பவர் வால்வைத் தனியாக ஒன்று மட்டும் வாங்காதீர்கள். ஒரே அளவு கரண்ட் எடுக்கும்படி மேட்ச் செய்த ஜோடியாக, செட்டாக மாற்றுங்கள். பயாஸைத் தானே சரிசெய்துகொள்ளும் செல்ஃப் பயாஸ் மாடலில் செருகினால் போதும். மற்றதில் மேனுவலில் சொன்ன அளவுக்கு பயாஸ் வைக்க வேண்டும், வெளியே மீட்டரும் திருகும் இருந்தால் நீங்களே செய்யலாம். இல்லையென்றால் அடித்தட்டைத் திறக்காதீர்கள். உள்ளே 400 வோல்ட்டுக்கு மேலும் இருக்கலாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் தங்கியிருக்கும்.

புதுசு போட்டதும் முதல் அரை மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து பாருங்கள். ஒரு வாரம் கழித்து பயாஸை மறுபடி பார்த்துவிடுங்கள். கழற்றியதில் நன்றாக ஓடியவற்றைத் தேதி எழுதிப் பெட்டியில் வையுங்கள், அடுத்த தடவை மாற்றிச் செருகிப் பார்க்க உதவும்.