காவிரிக் கரையில் சைக்கிள்: ரூட்டுக்கு முன்னால் மாதத்தைப் பாருங்கள்

டெல்டாவில் சைக்கிள் ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது எந்த ரூட் என்றுதான். என்னைக் கேட்டால் முதலில் முடிவு செய்ய வேண்டியது எந்த மாதம் என்பது. அதே கரை ரோடு ஆடியில் ஒரு மாதிரி இருக்கும், தையில் வேறு மாதிரி இருக்கும், சித்திரையில் போனால் இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்றிருக்கும். திருச்சியிலிருந்து கும்பகோணம் வரை மேடு என்று சொல்ல எதுவும் கிடையாது, பாலத்தில் ஏறி இறங்குவதுதான் ஏற்றம், அதனால் கியர் இல்லாத பழைய சைக்கிளே போதும். உங்களைப் படுத்தப்போவது காற்றும் வெயிலும் மழையும்தான்.

மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12இல் திறப்பார்கள், அணையில் தண்ணீர் போதாத வருடம் தள்ளிப்போகும். அந்தத் தண்ணீர் கல்லணைக்கு வந்துசேர மூன்று நாலு நாள் ஆகும், அங்கிருந்து கடைமடைக்கு இன்னும் சில நாள். ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை ஆறு ஓடும், வாய்க்கால் ஓடும், குறுவை நடவு நடக்கும். ஆனால் அதே சமயம் மேற்கிலிருந்து வீசுகிற மேல்காற்று பிய்த்து எடுக்கும். இதை எதிர்க்காமல் பயன்படுத்திக்கொள்ளுங்கள்: ரயிலில் திருச்சிக்குப் போய் இறங்கி, கிழக்குப் பார்த்துக் கும்பகோணம் வரை ஓட்டுங்கள், காற்றே பாதி வேலையைப் பார்த்துவிடும். மார்கழி கடைசியிலிருந்து மாசி வரைக்கும் வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று, அப்போது கும்பகோணத்தில் கிளம்பி மேற்கே வருவது நல்லது. அக்டோபர், நவம்பரில் மழை, வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களில் ஆற்றில் மணல்தான் இருக்கும், பத்து மணிக்கெல்லாம் தார் கொதிக்கும், அப்போதும் வேண்டாம். ஆடிப்பெருக்கு அன்று படித்துறை எல்லாம் கூட்டம், அது திருவிழா பார்க்கிற நாள், சைக்கிள் ஓட்டுகிற நாள் இல்லை.

சரி, ரூட். திருச்சி–தஞ்சாவூர் நெடுஞ்சாலையையும் தஞ்சாவூர்–விக்கிரவாண்டி நான்குவழிச் சாலையையும் மறந்துவிடுங்கள். திருவானைக்காவலிலிருந்து கல்லணைக்குப் போகிற ரோடு காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலேயே போகிறது, வழியெல்லாம் வாழைத்தோட்டம். உத்தமர்சீலி, கிளிக்கூடு தாண்டினால் கல்லணை. உத்தமர்சீலிப் பக்கம் ஒரு தரைப்பாலம் இருக்கிறது, ஆற்றில் வெள்ளம் வந்தால் அதன்மேல் தண்ணீர் ஏறிவிடும், போக்குவரத்தையும் நிறுத்திவிடுவார்கள். எனவே ஆற்றில் அதிகமாகத் தண்ணீர் விட்டிருக்கிறார்கள் என்று செய்தி வந்தால் அன்றைக்கு இந்தப் பக்கம் போகாதீர்கள்.

கல்லணையில் நிதானமாக நில்லுங்கள். கரிகாலன் கட்டினான் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான், ஆனால் பாலத்தின் மேல் சைக்கிளைச் சாத்திவிட்டுப் பார்க்கும்போதுதான் இங்கே என்ன நடக்கிறது என்று புரியும். வருகிற ஒரு ஆறு காவிரியாக, வெண்ணாறாக, கல்லணைக் கால்வாயாகப் பிரிகிறது, மிஞ்சிய வெள்ளம் கொள்ளிடத்தில் போகிறது. அன்றைக்கு நீங்கள் ஓட்டப்போகிற ஊர்கள் எல்லாம் இந்த ஷட்டர்களை நம்பி இருக்கிற ஊர்கள். ஷட்டருக்குக் கீழே இறங்கிக் குளிக்க மட்டும் வேண்டாம். மேலே அமைதியாகத் தெரிகிற தண்ணீருக்கு அடியில் சுழலும் மணல் பள்ளமும் இருக்கும், நீச்சல் தெரிந்தவர்களும் இங்கே உயிரை விட்டிருக்கிறார்கள்.

அப்புறம் கோவிலடி, திருக்காட்டுப்பள்ளி. குடமுருட்டி காவிரியிலிருந்து பிரிவது திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்தில்தான். அங்கிருந்து கண்டியூர் போகிற ரோட்டைப் பிடித்தால் ஒரு பக்கம் காவிரி, ஒரு பக்கம் குடமுருட்டி, நடுவில் நீங்கள். இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ஆறு பிரிந்துகொண்டே போகிற நாடு இது, எதிர்க்கரையில் ஊர் கண்ணுக்குத் தெரியும், போய்ச் சேரப் பாலம் இருக்காது. தப்பான கரையில் மாட்டினால் சில கிலோமீட்டர் சுற்ற வேண்டியதுதான். அதனால் முதல் நாள் ராத்திரியே செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கி எங்கெங்கே பாலம் என்று பார்த்து ஒரு சீட்டில் வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். வழியில் யாரையாவது கேட்டாலும் ஊருக்கு வழி கேட்காமல், அண்ணே, அடுத்த பாலம் எங்கே இருக்கு என்று கேளுங்கள். மேப் காட்டுகிற வழியை அப்படியே நம்பினால் அது உங்களைத் திரும்பத் திரும்ப மெயின் ரோட்டுக்குத்தான் தள்ளும்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் திருவையாற்றில் தங்கி ஏழூர் சுற்றுங்கள். சித்திரையில் ஐயாறப்பர் பல்லக்கு திருவையாறு, திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என்று ஏழு ஊரையும் சுற்றி வரும். நந்தி கல்யாணத்துக்குப் பழம் ஒரு ஊர், சோறு ஒரு ஊர், வேதம் ஓத ஆள் ஒரு ஊர், பூ ஒரு ஊர், நெய் ஒரு ஊர் என்று கொடுத்ததாகக் கதை. இதைவிட நல்ல சைக்கிள் ரூட்டை யாராலும் போட முடியாது, ஊருக்கு ஊர் சில கிலோமீட்டர்தான், ஒவ்வொன்றிலும் உட்கார ஒரு கோயில் மண்டபம் உண்டு. ஆனால் பல்லக்கு போகிற வரிசையை அப்படியே பிடிக்காதீர்கள். கோடையில் ஆற்று மணலில் இறங்கிக் கடக்கலாம், தண்ணீர் ஓடும்போது முடியாது. முதலில் வடகரையிலேயே திருப்பழனம் போய்த் திரும்பி, தில்லைஸ்தானத்தையும் பார்த்துவிடுங்கள். பிறகு திருவையாற்றுப் பாலம் தாண்டிக் கண்டியூர், அங்கிருந்து கிழக்கே வேதிகுடியும் சோற்றுத்துறையும், மறுபடி கண்டியூர் வந்து மேற்கே பூந்துருத்தி. எல்லாம் சேர்த்து நாற்பது கிலோமீட்டரைத் தாண்டாது. விடிகாலையில் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட்டு, திருவையாற்றுக்குத் திரும்பி அசோகா அல்வா சாப்பிடலாம், சுடச்சுடக் கேட்டு வாங்குங்கள்.

திருப்பழனத்துக்குப் பக்கத்தில்தான் திங்களூர். அப்பூதியடிகள் திருநாவுக்கரசர் பேரில் தண்ணீர்ப் பந்தல் வைத்த ஊர். இந்தப் பக்கத்தில் எந்த வீட்டுத் திண்ணையில் நின்று தண்ணீர் கேட்டாலும் சொம்பு வரும், கூச்சப்படாமல் கேளுங்கள்.

திருவையாற்றிலிருந்து கும்பகோணம் போகும் ரோடு கணபதி அக்ரஹாரம், கபிஸ்தலம், உமையாள்புரம், சுவாமிமலை என்று காவிரியை ஒட்டியே போகும். பஸ் ரூட் என்பதால் காலை எட்டு மணிக்குமேல் நெரிசல் இருக்கும், அதற்கு முன்னால் பாதியைக் கடந்துவிடுவது உத்தமம். சுவாமிமலையில் முருகனைப் பார்த்த கையோடு சிலை வார்க்கிற பட்டறை ஒன்றில் அனுமதி கேட்டு நுழையுங்கள். மெழுகில் செய்த உருவத்தின்மேல் பூசுவது காவிரி வண்டல் மண். விரல் ரேகைகூடப் பதிகிற அளவுக்கு நைஸான மண், அதனால்தான் சிலையின் நகைவேலை அப்படியே விழுகிறது. காலையிலிருந்து உங்கள் டயரில் ஒட்டிக்கொண்டு வந்ததும் இந்த ஆறு கொண்டுவந்து போட்ட மண்தான்.

அறுவடைக் காலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தை, மாசியில் சம்பா அறுப்பு நடக்கும், ரோட்டில் பாதிக்கு நெல் காயப்போட்டிருப்பார்கள். அதன் ஓரத்தில் அடையாளத்துக்குக் கல்லோ முள்ளோ வைத்திருப்பார்கள், பனி மூடின காலையில் அது தெரியாது. அதனால் முன்விளக்கு இல்லாமல் கிளம்பாதீர்கள். நெல்மேல் சைக்கிளை ஏற்றாதீர்கள், அது ஒரு குடும்பத்தின் நாலு மாத உழைப்பு. எதிரே வண்டி வந்தால் இறங்கி நின்று வழிவிட்டுப் போங்கள். வைக்கோல் இன்னொரு தொல்லை. கியர் சைக்கிளாக இருந்தால் பின்சக்கரத்தில் பல்சக்கரத்துக்கும் ஆரத்துக்கும் நடுவில் ஒரு இழை நுழையும், அது இன்னும் நாலு இழையை இழுக்கும், கொஞ்ச நேரத்தில் கயிறு திரித்த மாதிரி இறுகிக்கொள்ளும். செயின் கரகரவென்று சத்தம் போட்டாலே நிறுத்திவிடுங்கள், மிதித்துத் தள்ளினால் கியர் மாற்றுகிற டிரெய்லியர் வளைந்துவிடும். சின்னக் கத்தி ஒன்று பையில் இருந்தால் அறுத்து எடுத்துவிடலாம். நெல் கொள்முதல் நிலையம் இருக்கிற இடங்களில் லாரிகள் வரிசையில் நிற்கும், அங்கே மெதுவாகப் போங்கள்.

டயர் 32 மில்லிமீட்டர் அகலமாவது இருக்கட்டும். கரை ரோட்டில் தார் முடிந்து கப்பி வரும், கப்பி முடிந்து மண் வரும், சீமைக்கருவை முள் எங்கும் கிடக்கும். பஞ்சர் ஒட்டுகிற சாமானோடு இரண்டு டியூப் எடுத்துக்கொள்ளுங்கள், டவுனுக்கு வெளியே கியர் சைக்கிளுக்கு டியூப் கிடைப்பது கஷ்டம். கரைமேல் மினி பஸ் வந்தால் விளிம்புக்கு ஒதுங்காதீர்கள், ஓர மண் சரியும். முன்னாலேயே அகலமான இடம் பார்த்து நின்றுகொள்ளுங்கள். சைக்கிள் சரிசெய்ய முடியாத அளவுக்குப் போய்விட்டால், டீக்கடையில் குட்டி யானை (சின்ன லோடு வண்டி) கிடைக்குமா என்று கேளுங்கள், யாராவது ஒருவர் போன் போட்டு வரவழைத்துவிடுவார்.

திருச்சியிலிருந்து கும்பகோணம் வரை முழுசாக ஓட்டினால் 80, 90 கிலோமீட்டர் வரும். புதிதாக ஓட்டுகிறவர்கள் திருவையாற்றில் ஒரு ராத்திரி தங்கி இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ரயிலில் சைக்கிளைக் கொண்டுபோக பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும், சின்ன ஸ்டேஷன்களில் அந்த வசதி இருக்காது, ஆகவே கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி போன்ற பெரிய ஸ்டேஷன்களில் ஏற்றி இறக்குவது மாதிரி திட்டம் போடுங்கள். பதிவு செய்ய நேரம் பிடிக்கும், ரயில் கிளம்ப ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே போய்விடுங்கள்.