ஸ்குரூ டிரைவரைத் தொடும் முன்: பழுதான டிஜிட்டல் கேமராவை வீட்டிலேயே பார்ப்பது எப்படி

பீரோவில் கிடந்த பழைய பாக்கெட் கேமராக்களுக்கு இப்போது திடீர் மவுசு. 2005, 2010 வாக்கில் சித்தப்பாவோ மாமாவோ வாங்கி வைத்ததைக் காலேஜ் பிள்ளைகள் தேடி எடுத்து சார்ஜ் போட்டுப் பார்க்கிறார்கள், பல நேரம் உயிர் வருவதில்லை. கடையில் கொடுத்தால் "இதுக்கு ஸ்பேர் வராதுங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆனால் இந்த மாதிரிக் கேமராக்களில் கோளாறு பெரும்பாலும் உள்ளே இருப்பதில்லை. பேட்டரி, பேட்டரி மூடி, கார்டு, லென்ஸ் இடுக்கு, இந்த நாலு இடத்தில்தான் ஏதாவது மாட்டிக்கொண்டிருக்கும். அதனால் ஸ்குரூ டிரைவரை ஓரமாக வைத்துவிட்டு வெளியிலிருந்து ஆரம்பியுங்கள்.

கேமரா ஆன் ஆகவே இல்லையா? பேட்டரியைக் கழற்றி மல்டிமீட்டரில் பாருங்கள். 3.7 வோல்ட் என்று எழுதியிருக்கிற லித்தியம் பேட்டரி முழு சார்ஜில் 4.2 வரை காட்ட வேண்டும், சார்ஜரில் இரண்டு மணி நேரம் கிடந்த பிறகும் 3-க்குக் கீழேயே நின்றால் அதன் கதை முடிந்தது. மீட்டரில் 4 காட்டிவிட்டு, கேமராவில் போட்டு லென்ஸ் வெளியே வரும்போது அணைந்துபோகிற பேட்டரியும் உண்டு, ஏனென்றால் மோட்டார் இழுக்கிற கரண்டை வயசான பேட்டரி தாங்காது. உப்பியிருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலப வழி: மேசையில் படுக்க வைத்து ஓரத்தில் சுண்டிவிடுங்கள், பம்பரம் மாதிரி சுற்றினால் வயிறு உப்பியிருக்கிறது என்று அர்த்தம். அதை மறுபடி சார்ஜ் போட வேண்டாம், குத்தவும் வேண்டாம், மின்னணுக் கழிவு வாங்குகிற இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

பென்சில் பேட்டரி போடுகிற கேமரா என்றால், டிவி ரிமோட்டுக்குப் போடுகிற சாதா செல்லை வைத்துக்கொண்டு கேமராவைக் குறை சொல்லாதீர்கள். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் செல் இரண்டு வாங்கிப் போட்டுப் பாருங்கள். செல்லை உள்ளேயே வைத்து வருஷக்கணக்கில் மறந்திருந்தால் ஸ்பிரிங்கில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். அல்கலைன் செல்லிலிருந்து கசிந்தது காரம், அதனால் காது குடையும் பட்ஸில் ஒரு சொட்டு வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் துடைத்தால் நுரைத்துக் கரையும். அப்புறம் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டு இன்னொரு முறை துடைத்து, நன்றாகக் காய விடுங்கள்.

பேட்டரி மூடியைப் பலரும் கவனிப்பதில்லை. அதன் உள்பக்க ஓரத்தில் அரிசியளவுகூட இல்லாத ஒரு பிளாஸ்டிக் மூக்கு இருக்கும். மூடியை மூடும்போது அந்த மூக்கு உள்ளே ஒரு குட்டி சுவிட்சை அழுத்தினால்தான் கேமராவுக்கு மூடி மூடியிருப்பது தெரியும். மூக்கு உடைந்துவிட்டால் புதுப் பேட்டரி போட்டாலும் கேமரா அசையாது. மூடியைத் திறந்து வைத்து, பேட்டரியை விரலால் பிடித்துக்கொண்டு, அந்தச் சுவிட்சை ஒரு பல்குச்சியால் அழுத்தியபடி பவர் பட்டனைத் தட்டிப் பாருங்கள். ஆன் ஆனால் செலவே இல்லை: மூக்கு இருந்த இடத்தில் சின்ன பிளாஸ்டிக் துண்டை ஒட்டிவிட்டால் போதும். பசையை மூடியில்தான் தடவ வேண்டும், சுவிட்சுப் பக்கம் ஒரு துளிகூடப் போகக் கூடாது.

கார்டு விஷயம் சின்னது. பழைய கேமராக்கள் பல 2 ஜிபி வரையிலான சாதாரண எஸ்டி கார்டை மட்டும்தான் படிக்கும், இன்று கடையில் கிடைக்கிற 32, 64 ஜிபி கார்டைப் போட்டால் கார்டு எரர் என்றுதான் சொல்லும், அது கேமராவின் குற்றமில்லை. லாக் ஆகிவிட்டது என்று வந்தால் கார்டின் பக்கவாட்டில் இருக்கிற நகர்த்தியைப் பாருங்கள், அது தொளதொளத்துப்போய் உள்ளே தள்ளும்போதே கீழே இறங்கிவிடும். மேலே நகர்த்தி, மெல்லிய செலோடேப் ஒரு துண்டு ஒட்டுங்கள். ஃபார்மேட் செய்வதற்கு முன் படங்களைக் கம்ப்யூட்டரில் எடுத்து வைக்கத் தவறாதீர்கள். கார்டு கம்ப்யூட்டரிலும் திறக்கவில்லை என்றால் ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பாருங்கள், பழைய குடும்பப் படங்கள் பலவும் திரும்பக் கிடைக்கலாம்.

இனி லென்ஸ். பாக்கெட் கேமராக்களின் தீராத வியாதி இதுதான், பழைய கேனான்களில் ஈ18 என்று வரும், மற்றவற்றில் லென்ஸ் எரர் என்று வரும். காரணம் பெரும்பாலும் பீச் மணல், பை அடியில் கிடந்த தூசி, அல்லது ஆன் செய்தபடியே கீழே விழுந்தது. பேட்டரியைக் கழற்றுங்கள். லென்ஸ் தரையைப் பார்க்கும்படி பிடித்து, வளையங்களுக்கு இடையே ரப்பர் ஊதுகுழலால் சுற்றிச் சுற்றி அடியுங்கள். வாயால் ஊத வேண்டாம், எச்சில் போகும். பிறகு விசிட்டிங் கார்டைவிட மெல்லிய, கொஞ்சம் விறைப்பான காகிதத்தைப் பட்டையாக வெட்டி, அந்த இடுக்கில் நுழைத்து ஒரு சுற்று மெதுவாக ஓட்டுங்கள். மணல் இருக்கிற இடத்தில் காகிதம் நெருடும், அங்கேயே முன்னும் பின்னும் அசைத்தால் உதிரும்.

இப்போது பேட்டரியைப் போட்டு, லென்ஸ் கீழே பார்த்தபடியே பவர் பட்டனை அழுத்திக் காது கொடுத்துக் கேளுங்கள். மோட்டார் உறுமிவிட்டு நின்றால் இன்னும் தூசி இருக்கிறது, அல்லது வளையம் சாய்ந்திருக்கிறது. சத்தமே இல்லை என்றால் மோட்டாரோ அதற்குப் போகிற ரிப்பன் கேபிளோ போயிருக்கலாம். சாய்ந்திருப்பது கண்ணுக்கே தெரியும், ஒரு பக்க இடுக்கு அகலமாகவும் எதிர்ப்பக்கம் ஒட்டியும் இருக்கும். அகலமான பக்கத்தைக் கட்டைவிரலால் லேசாக அழுத்தினால் க்ளிக் என்று உட்காரும். உட்காரவில்லை என்றால் விட்டுவிடுங்கள், பலம் காட்டினால் உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் பல்சக்கரம்தான் உடையும். அப்புறம், தையல் மிஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய், டபிள்யூடி-40 எதையும் அந்த இடுக்கில் விடாதீர்கள். எண்ணெய் ஊர்ந்துபோய் ஷட்டர் தகடுகளை ஒட்டிவிட்டால், நின்றுபோயிருந்த லென்ஸோடு படமும் போய்விடும்.

ஆன் ஆகிறது, படம்தான் சரியில்லை என்றால், கார்டில் இருக்கிற பழைய படத்தைத் திரையில் போட்டுப் பாருங்கள். பழைய படமும் கோடு கோடாகத் தெரிந்தால் திரையில் கோளாறு. பழையது பளிச்சென்று இருந்து, புதிதாக எடுப்பது மட்டும் ஊதா நிறத்தில் இழுபட்டு வந்தால் சென்சாரை, அதாவது லென்ஸுக்குப் பின்னால் ஒளியைப் படமாக மாற்றுகிற சில்லை, சந்தேகப்படலாம். சோனி தயாரித்த சில சிசிடி வகை சென்சார்களில் சூட்டிலும் ஈரப்பதத்திலும் உள் இணைப்புகள் விட்டுப்போவது 2005-ல் தெரியவந்து, அவற்றைப் போட்டிருந்த பல கம்பெனிகள் இலவசமாக மாற்றிக் கொடுத்தன. அந்தச் சலுகையை இப்போது எதிர்பார்க்க முடியாது, வீட்டில் சரி செய்கிற வேலையும் இல்லை.

இதெல்லாம் பார்த்தும் நகரவில்லை, திறந்தே ஆக வேண்டும் என்றால் ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிளாஷுக்காக மின்சாரத்தைச் சேர்த்து வைக்கிற கெப்பாசிட்டரில் 300 வோல்ட் வரை இருக்கும், பேட்டரியைக் கழற்றிய பிறகும் அது அப்படியே தங்கியிருக்கும். சுண்டுவிரல் பருமனில் கறுப்பு உருளையாக, பிளாஷ் பக்கத்திலேயே இருக்கும். அதை ஸ்குரூ டிரைவரால் ஷார்ட் செய்வதை வீடியோக்களில் காட்டுகிறார்கள், அது வேண்டாம், பொறி பறந்து போர்டே போகும். மின்சாரத்தை மெதுவாக வடிய விடுகிற 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேஷன் போட்ட குறட்டில் பிடித்து, இரண்டு முனையிலும் சில விநாடிகள் தொட வைத்து, மீட்டரில் வோல்டேஜ் இறங்கிவிட்டதா என்று பார்த்த பிறகுதான் கையை உள்ளே விட வேண்டும். மீட்டர் இல்லையென்றால் திறக்கவே வேண்டாம்.

ஜப்பான் கேமராக்களின் ஸ்குரூக்கள் ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தர வகை, சாதா ஸ்டார் டிரைவர் போட்டால் தலை மழுங்கிவிடும். கேமராவின் உருவத்தைத் தாளில் வரைந்து, எந்த ஸ்குரூ எங்கிருந்து வந்ததோ அங்கேயே செலோடேப் போட்டு ஒட்டிக்கொண்டே போங்கள், ஏனென்றால் நீளம் ஒன்றுக்கொன்று மாறும், நீளமானதைக் குட்டை இடத்தில் முறுக்கினால் போர்டில் குத்தும். லென்ஸின் பல்சக்கரம் உடைந்திருந்தால் தனிச் சக்கரம் தேடி அலையாதீர்கள். அதே மாடலில் திரை உடைந்த இன்னொரு கேமராவைப் பழைய சாமான் விலைக்கு வாங்கி, லென்ஸை அப்படியே முழுசாகக் கழற்றி இதில் மாட்டுவதுதான் நடக்கிற காரியம்.